மூன்று படி

ஆற்று மீனவர் வைரக்கண்ணுவை இருதயராஜ் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஆடி மாதக் காலையில், அணையைப் பார்வையிடப் போயிருந்தபோது. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி கிழவர் ஓர் உல்ல மீனை இரு கைகளிலும் ஏந்திக் காட்டினார். அணைச் சுவரில் மோதி மோதி அதன் மூக்கு தோலுரிந்திருந்தது.

"சினையா இருக்கு சார். இங்க சுவர் கட்டிட்டோம்னு இதுக்கு யார் போய் சொல்றது?" என்று கேட்டுவிட்டு, மீனை மெல்லத் தண்ணீரில் விட்டார்.

இருதயராஜ் அப்போது மீன்வளத்துறை ஆய்வாளர். கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்து முட்டையிடும் உல்லம் அருகிப் போயிருந்தது. அதை மீட்க ஒரே ஒரு திட்டத்துக்குத்தான் அரசு உதவி கிடைக்கும். வந்திருந்த மூன்று மனுக்களை வரிசைப்படுத்தும் பொறுப்பு அவருடையது.

முகத்துவாரத்துக் குப்பத்தார் மணல்திட்டை வெட்டிவிடக் கேட்டார்கள். ஆடி வெள்ளத்தில் திட்டு தானே உடைந்துவிடும், மற்ற மாதங்களில்தான் படகுக்குச் சிரமம் என்று பேச்சுவாக்கில் அவர்களே சொன்னார்கள். மேலாற்றுக்காரர்கள், மீன் முட்டையிடும் மடுவைத் தூர்வாரக் கேட்டார்கள். முந்திய ஆண்டு ஆடியில் அணையின் ஷட்டர் ஒன்று பழுதாகி நான்கு நாள் திறந்து கிடந்ததாம். அந்தப் புரட்டாசியில் மட்டும் மடுவில் விரல் நீள உல்லக் குஞ்சுகள் வலை நிறைய விழுந்தனவாம். சொல்லும்போதே அவர்கள் முகமெல்லாம் சிரிப்பு. அணையோரம் மீன் ஏறப் படிகள் கட்ட வேண்டும் என்பது வைரக்கண்ணுவின் மனு.

'மனுவை மூன்று படிகளில் தருக' என்று சித்திரையில் வந்த அறிவிப்பில் இருந்தது. மற்றவர்கள் மூன்று நகல் கொடுத்தார்கள். வைரக்கண்ணு ஒரே தாளில் மூன்று படிக்கட்டு வரைந்து கொடுத்தார். தலைமை எழுத்தருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"நாலு இருந்தாத்தான் அது ஏறும் சார். நீங்க மூணுன்னு போட்டுட்டீங்க, நான் என்ன பண்றது?" என்றார் கிழவர்.

நகல் இல்லாத மனுவைத் தள்ளிவிட வேண்டும் என்றார் எழுத்தர். முந்நூறு குடும்பம் பிழைக்கும் முகத்துவாரத்துக்கே முதலிடம் என்றார் பொறியாளர். இருதயராஜோ வைரக்கண்ணுவின் மனுவைத் தன் கையாலேயே இன்னும் இரண்டு பிரதி எழுதி, மூன்று தாளிலும் நான்காவது படியை வரைந்து, அதையே முதலில் வைத்தார்.

எழுத்தர், பொறியாளர், இருதயராஜ்: இதில் யார் பக்கம் நியாயம்?

இருதயராஜ் பக்கம்தான். மீன் வரும் மாதத்தில் முகத்துவாரம் தானே திறந்துகொள்கிறது. மீன் போய்ச் சேர்ந்த ஆண்டில் மடு குஞ்சு கொடுத்திருக்கிறது. தடை நடுவில் இருந்தது, அதை மீனின் மூக்கே சொன்னது. நகல் என்று எழுதாமல் படி என்று எழுதியது அலுவலகத்தின் பிழை. ஆனால் அவர் செய்ததிலும் ஒரு குறை உண்டு: நான்காவது படியைக் கிழவரைக் கொண்டே வரையச் செய்திருக்கலாம். அது பிறகுதான் அவருக்குத் தோன்றியது; கூப்பிட்டனுப்ப நினைத்த வாரத்தில் வைரக்கண்ணு இறந்துபோனார். அணையோரம் இன்று நான்கு படிகள் இருக்கின்றன. ஆற்றில்தான் ஆண்டுக்கு ஐந்து மாதம் மட்டும் தண்ணீர் இருக்கிறது.