நஞ்சியின் விரல் பட்ட மீன்

அந்தக் காலத்தில், மீனும் சேவலும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிக்கொண்டிருந்தபோது, ட்ரவுட் மீனின் உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. ஓடைக் கூழாங்கல்லைப் போல வெறும் பழுப்பாக இருந்தது.

அது வாழ்ந்த குளிர்ந்த ஓடை மலையுச்சிக்குக் கீழே ஒரு புல்வெளியின் நடுவே ஓடியது. கரையில் ஒரு சிற்றூர். தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டுவதும், அதைக் காட்டி மீன் பிடிப்பதும் அந்த ஊராரின் தொழில். யாருடைய பூச்சி பெரிதோ அவருக்குத்தான் மரியாதை. போஜன் கட்டும் பூச்சி சிட்டுக்குருவி அளவு இருக்கும். வெட்டுக்கிளிகள் துள்ளும் கோடையில் ட்ரவுட்டுகளும் அதைத் தாவிக் கவ்வத்தான் செய்தன.

ஒரு வருடம் உறைபனி முன்னதாகவே விழுந்து சாமைக் கதிர்களைக் கருக்கிவிட்டது. குதிர்கள் காலி. பௌர்ணமிக்குள் ஓடையில் மீன் கிடைக்காவிட்டால் எல்லோரும் கீழ்நாட்டுக்கு இறங்கிவிடுவது என்று ஊர் கூடி முடிவு செய்தது. அப்படி இறங்கிப் போன எவரும் திரும்பி வந்ததில்லை.

போஜன் மயிலிறகில் இன்னும் பெரிய பூச்சி கட்டி எறிந்தான். தண்ணீருக்கடியில் ஒரு ட்ரவுட் சிரித்தது.

"என்னடா போஜா, மயிலையே தூக்கிப் போட்டுட்டியா? இந்தக் குளிர்ல எந்தப் பூச்சிடா இவ்வளவு கொழுத்துத் திரியுது?"

"பசிச்சா தின்னு. பேசாதே!"

"பசிதான். அதுக்காகக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

போஜனின் மனைவி நஞ்சி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயில் பட்டதும் நீரின்மேல் கடுகைவிடச் சிறிய கறுப்புப் பூச்சிகள் எழுந்தன. ட்ரவுட் மூக்கை மட்டும் நீட்டி அவற்றை ஒவ்வொன்றாக உறிஞ்சியது.

"இதைத்தான் கட்டணும்" என்றாள்.

"இதையா? ஊரே சிரிக்கும்டி. போஜன் பொண்டாட்டி கொசு கட்டுறான்னு பேசுவாங்க."

"சிரிக்கிறவங்க கீழ இறங்கிப் போய்ச் சிரிக்கட்டும். நான் இங்கதான் இருப்பேன்."

ஊசி நுனியை வளைத்து ஒரு முள் செய்துகொண்டு சேவலிடம் போனாள்.

"வால் இறகுதானே?" என்று சேவல் திரும்பி நின்றது. "எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க."

"வேண்டாம். கழுத்துல இருக்கறதுலயே சின்னதா ஒண்ணு."

"அதை யாரு பார்க்கப்போறா?"

"மீன் பார்க்கும்."

சேவலுக்குப் பெருமை தாங்கவில்லை. குனிந்து கழுத்தைக் கொடுத்தது.

எந்த நூலும் அந்த முள்ளுக்குத் தடிமனாகவே இருந்தது. தன் தலைமுடியைப் பிடுங்கிச் சுற்றினாள். குளிரில் விரல்கள் மரத்துப்போய், முள் குத்துவதே தெரியவில்லை. கட்டியதெல்லாம் பிரிந்தது. இத்தனை சிறிய பொருளுக்கு இத்தனை பாடு படுவது அறிவா, பிடிவாதமா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அதற்கு விடை தெரியாமலேதான் மறுபடி சுற்றினாள்.

பௌர்ணமியன்று ஊரே மூட்டை முடிச்சோடு கரையில் நின்றது. வெயில் ஏறியதும் நஞ்சி பூச்சியை நீரில் விட்டாள். ட்ரவுட் வந்தது. உற்றுப் பார்த்தது. உறிஞ்சியது.

இரு கைகளாலும் அதை அள்ளினாள்.

"ஏமாந்துட்டேன்" என்றது மீன். "என்னை இவ்வளவு நல்லா யாரும் ஏமாத்தினதில்ல. அதுல எனக்கு வருத்தமில்ல நஞ்சி. ஆனா என் வயித்தைத் தொட்டுப் பாரு."

வயிறு நிறைய முட்டை.

கரையில் பசித்த முகங்கள். நஞ்சி அவர்களைப் பார்த்தாள். பிறகு முள்ளைக் கழற்றி, கைகளைத் தண்ணீருக்குள் விரித்துவிட்டாள்.

"அடிப்பாவி! கைக்கு வந்ததை விட்டுட்டியே!" என்று போஜன் கத்தினான்.

"எதுக்குப் பதறுறீங்க? கட்டின கை என்கிட்டதானே இருக்கு? இன்னொரு மீனை நான் பிடிப்பேன். அந்த முட்டையை அழிச்சா, மீன் இருக்கிற இன்னொரு ஓடையை யார் கொண்டாருவா?"

ஈரப் பூச்சியை ஊதிக் காயவைத்து மறுபடி வீசினாள். இந்த முறை கீழ்த்தாடை வளைந்த ஒரு முரட்டு ஆண் மீன். பின்னால் இன்னொன்று. மாலைக்குள் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது. மூட்டைகளை அவிழ்த்த கையோடு போஜன் சேவலிடம் போய், "எனக்கும் ஒரு சின்ன இறகு…" என்று இழுத்தான்.

"வரிசையில நில்லு" என்றது சேவல்.

தப்பிய மீனின் விலாவில் நஞ்சியின் விரல் ரத்தம் சொட்டுச் சொட்டாகப் பதிந்திருந்தது. ஒவ்வொரு சொட்டையும் சுற்றி, குளிரில் வெளுத்த விரல் நுனியின் தடம்.

"கல்லுல உரசிக் கழுவிடேன்" என்றன மற்ற மீன்கள்.

"கழுவுறதா? இந்த மலையிலயே நல்லாக் கட்டுற கை தொட்ட இடம் இது" என்று விலாவைக் காட்டியபடியே நீந்திப் போய், அது மணலில் முட்டையிட்டது.

அன்று முதல்தான் ட்ரவுட்டுகள் விலாவில் வெளிறிய வளையமும் அதற்குள் சிவப்புப் புள்ளியுமாக வளர்கின்றன. குளிர்காலத்தில் அவற்றின் முன் மயிலையே கொண்டுவந்து போட்டாலும், கடுகளவில் கருத்தாகக் கட்டிய பூச்சிக்குத்தான் அவை தலை தூக்குகின்றன.