அந்தாண்ட கஞ்சர் நாடு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் "எங்கள் பக்கத்தை ஏன் சொல்லவில்லை" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் வேண்டாம். அந்த நாட்டில் நான்கு சீமைகள். நான்குக்கும் ஒரே ராஜா, ஒரே மொழி, ஒரே மழை. மற்றபடி ஒற்றுமை கிடையாது.

ராஜா மகுடவர்மர் நல்லவர். யானை மேல் போவார், குடிமக்களைப் பார்த்துக் கையசைப்பார். எங்கே கல் நட்டிருந்தாலும் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவார். ஒருமுறை மாடு முதுகு சொறிந்துகொள்ள நட்ட கல்லையும் சுற்றினார். யாரும் சொல்லவில்லை. மாடு மட்டும் காத்திருந்தது.

இந்த ராஜா ஒருநாள் வேட்டைக்குப் போய் வழி தவறி, ஏதோ ஓர் ஊரில் தாகத்துக்குக் கேட்டார். மோர் கொடுத்தார்கள். செம்பைக் குனிந்து பார்த்தால் உள்ளே அவருடைய மீசை தெரிந்தது. மோர் மீசையில் ஒட்டலாம். மீசை மோரில் தெரியலாமா? மனம் நொந்து அரண்மனை திரும்பிவிட்டார். அது எந்தச் சீமை என்பதுதான் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் சபையில் கேட்டார்: "அமைச்சர்களே, நம் நாட்டில் கஞ்சர்கள் வசிப்பது எந்தச் சீமையில்?"

சீமைக்கு ஒருவராக நான்கு அமைச்சர்கள். நான்கு விரல்களும் உடனே நீண்டன. ஒன்றுகூடத் தன் பக்கம் திரும்பவில்லை.

கிழக்குச் சீமை அமைச்சர் தியாகேசன் முந்திக்கொண்டார். "மேற்கேதான் அரசே. அங்கே செக்கு மாடு சுற்றி வந்த வழியைப் பிழிந்தும் எண்ணெய் எடுப்பார்கள்."

மேற்குச் சீமை நாச்சிமுத்து கைகூப்பினார். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும். "மன்னிக்கணுங்க அரசே. கிழக்கே வாசல்லயே ஆறு ஓடுதுங்க. ஆனா விருந்தாளி வந்தா, 'சாப்பிட்டுத்தானே வந்திருப்பீங்க'ன்னு வாசல்லயே கேட்டு முடிச்சுடுவாங்கங்க."

"வடக்கே போய்ப் பாருங்கள் அரசே" என்றார் தெற்குச் சீமை சோணைமுத்து. "நின்று பேசினால் சோறு போட வேண்டியிருக்கும் என்று ஓடிக்கொண்டே பேசுவார்கள்."

வடக்குச் சீமை முனிரத்தினம் நிதானமாக எழுந்தார். "தெற்கே சோறு போடுவார்கள் அரசே. இலைக்குப் பக்கத்தில் அரிவாளையும் வைப்பார்கள். எவனும் மறுசோறு கேட்க மாட்டான். கஞ்சத்தனத்தில் இது ஒரு கலை."

ராஜாவுக்குத் தலை சுற்றியது. "போதும். கஞ்சர் நாடு எங்கே தொடங்குகிறதோ அங்கே ஒரு கல் நடப்பட வேண்டும். தாகத்தோடு போகிறவன் படித்துவிட்டுத் திரும்பிக்கொள்ளட்டும். கல்லை நடப்போவது யார்?"

நான்கு அமைச்சர்களும் அன்றுதான் முதன்முறையாக ஒரே திசையில் பார்த்தார்கள். கடைசித் தூணில் சாய்ந்துகொண்டிருந்த விகடகவி மூக்கையனை.

அவனை அவர்களுக்குப் பிடிக்காது. அவர்கள் பேசினால் ராஜா தூங்குவார், அவன் பேசினால் விழித்துச் சிரிப்பார். திருப்பிக் கேலி செய்யலாம் என்றால் அவனுக்கு ஊரும் இல்லை. அவன் அப்பா உப்பு வணிகர். ஓடுகிற வண்டியில்தான் மூக்கையன் பிறந்தான். வண்டி அப்போது எந்தச் சீமையில் ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டதற்கு, அவன் அம்மா, "அப்ப எனக்கு வேற வேலை இருந்துச்சு" என்றாளாம்.

"இந்தப் பணிக்கு எந்தச் சீமையையும் சாராதவர் வேண்டும் அரசே" என்றார் முனிரத்தினம். "மூக்கையனைவிடப் பொருத்தமானவர் யார்? அவருக்குத்தான் ஊரே கிடையாதே!"

சபை சிரித்தது. மூக்கையனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

"ஆனால் பொய்க்கல் நட்டால் அரசருக்கு அவமானம்" என்று முனிரத்தினம் தொடர்ந்தார். "நான்கு சீமை மக்களும் அதைப் படித்து, 'எழுதியிருப்பது உண்மை' என்று தங்கள் வாயால் சொல்ல வேண்டும். ஒரு சீமை மறுத்தாலும் மூக்கையன் நாட்டை விட்டே போய்விட வேண்டும்."

"நியாயம்தான்" என்றார் ராஜா. "தைப்பூசத்துக்குள் கல் நிற்கட்டும்."

எந்த ஊரில் எவன் தன்னைக் கஞ்சன் என்று ஒப்புக்கொள்வான்? சபைக்கு அது தெரியும். மூக்கையனுக்கும் தெரியும். ஊரில்லாதவனுக்கு ஊர் என்று இருந்தது அந்தக் கடைசித் தூண்தான். சாய்ந்து சாய்ந்து அதில் அவன் தலை அளவுக்கு எண்ணெய்க் கறை. அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, இரண்டு ஆள் உயரக் கல் ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான்.

முதலில் கிழக்கு. வண்டியைக் கண்டதும் ஒருவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து, என்ன கல் என்று கேட்டார். மூக்கையன் சொன்னான்.

"கஞ்சனா? இங்கேயா? நன்னா கேட்டீர் போம்! மொதல்ல எறங்கும், எலை போட்டாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். சோற்றுமலையில் குழம்பாறு ஓடியது. அது வற்றுவதற்குள் ரசம் வந்தது, ரசம் வற்றுவதற்குள் தூக்கம் வந்தது. விழித்தபோது அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "கல்லை இங்க நட்டுடாதேயும். ஆத்துக்கு அந்தாண்ட கொண்டு போம். அந்தாண்ட இருக்கறவன் எல்லாம் கஞ்சன்."

ஆற்றைக் கடந்து தெற்கே போனான். அங்கே ஒருவர் அரிவாளோடு தென்னை மரத்திலிருந்து இறங்கினார்.

"கஞ்சப்பயலுக ஊருன்னு இங்க கல்லு நடப் போறியா? எவென்டா சொன்னது? பேரச் சொல்லு."

"யாரும் சொல்லலண்ணே. விசாரிக்கத்தான் வந்தேன்."

"விசாரிக்க வந்தியா?" அரிவாள் உயர்ந்தது. மூக்கையன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது கையில் சீவிய இளநீர் இருந்தது. "குடி. இன்னொண்ணு வெட்டுறேன், அதையும் குடி. குடிக்காமப் போனா வண்டிய எரிச்சுப்புடுவேன். அந்தக் கல்ல மட்டும் அங்கிட்டுக் கொண்டு போய் நடு. அங்கிட்டு இருக்கறவிங்கதேன் கஞ்சப்பயலுக."

வயிற்றில் இளநீர் தளும்ப மேற்கே போனான். அங்கே ஒருவர் கிணற்றடியிலிருந்து வேகவேகமாக வந்து, முதலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். "வாங்க, வாங்க. கல்லு வாட்டமாத்தான் இருக்குதுங்க. ஆனா பாருங்க, இத இங்க நட்டீங்கன்னா உங்க கைகால முறிக்கற மாதிரி ஆயிருமுங்க. எங்களுக்கே சங்கட்டமா இருக்குமுங்க. அக்கட்டால கொண்டு போயிருங்க. அக்கட்டால இருக்கறவங்கதானுங்க கஞ்சனுங்க." பிறகு கம்மஞ்சோறும் ஒரு கட்டித் தயிரும் தந்து, கேட்காமலே வண்டி அச்சுக்கு மை போட்டு அனுப்பினார்.

கடைசியாக வடக்கு. அங்கே ஒருவர் தலையில் மூட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார். மூக்கையன் வண்டியைப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது.

"இன்னாபா, கஞ்சன்னு கல்லா? எங்க ஊட்டாண்டயா நடப் போற? மூஞ்சி முகரையெல்லாம் பேத்துடுவேன், ஆமா! துன்னியா? இன்னும் துன்னலியா? இந்தா, புடி." ஓடியபடியே மடியிலிருந்த சோற்றுப் பொட்டலத்தை வண்டிக்குள் எறிந்தார். அது அவருடைய மதியச் சாப்பாடு. "அப்பால போ நைனா. அப்பால கீறவனுங்க எல்லாம் கஞ்சனுங்க!"

மூக்கையன் வண்டியை நிறுத்தி அந்தப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டான். சாப்பிடச் சாப்பிட அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தாண்ட, அங்கிட்டு, அக்கட்டால, அப்பால. 'அந்தப் பக்கம்' என்று கைகாட்ட நம்மிடம்தான் எத்தனை சொற்கள்! நேராகப் போய் ஒரு கல்தச்சரைப் பிடித்தான்.

நான்கு சீமையும் கூடுகிற இடத்தில் ஒரு பொட்டல் உண்டு. அது யாருக்கும் சொந்தமில்லை. ஆகவே நான்கு சீமையும் தங்கள் குப்பையை அங்கேதான் கொட்டும். அந்தக் குப்பையை ஒதுக்கி, நடுவில் கல்லை நட்டான். தச்சர் நான்கு பக்கமும் செதுக்கி முடித்ததும், ஏணி வைத்து உச்சியிலும் ஒரு வரி செதுக்கச் சொன்னான்.

"கொக்கு உக்கார்ற எடத்துல எதுக்குச் சாமி எழுத்து? யார் படிக்கறது?"

"கொக்கு படிக்கட்டும்" என்றான் மூக்கையன். முடிந்ததும் உச்சி முதல் அடி வரை பாயைச் சுற்றி மூடிவிட்டான்.

தைப்பூசத்தன்று ராஜா யானையில் வந்து இறங்கினார். நான்கு சீமை ஜனங்களும் தத்தம் அமைச்சர் பின்னால், தத்தம் பக்கத்தில் நின்றார்கள். அடுத்தவன் மண்ணில் எவனும் காலை வைக்கவில்லை. முனிரத்தினம் ஒரு காரியம் செய்திருந்தார். மூக்கையனை எல்லையில் கொண்டுபோய் விட ஒரு வண்டியையும் தயாராக நிறுத்தியிருந்தார். மாடுகூடப் பூட்டியாயிற்று. மூக்கையன் அதைப் பார்த்தான். பிறகு பாயை உருவினான்.

எல்லோரும் படித்தார்கள்.

ராஜா குரலெடுத்துக் கேட்டார்: "கிழக்குச் சீமையாரே, கல்லில் எழுதியிருப்பது உண்மையா?"

"உண்மை!" என்று கிழக்கு முழங்கியது.

மற்ற மூன்று சீமையும் திகைத்துப்போய்விட்டன. "அட, ஒத்துக்கிட்டானுகளே!"

"தெற்குச் சீமையாரே?"

"சத்தியமான உண்மை!"

"மேற்கு?"

"உண்மைதானுங்க!"

"வடக்கு?"

"அக்காங்!"

நான்கு அமைச்சர்களும் நெகிழ்ந்துபோனார்கள். மற்ற மூவரிடம் இவ்வளவு நேர்மை இருக்கும் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. தியாகேசன் மேற்கே பார்த்துக் கைகூப்பினார். நாச்சிமுத்துவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எவரும் கல்லைச் சுற்றிப் போய்ப் பார்க்கவில்லை. தனக்குப் பிடித்ததைப் படித்துவிட்டவன் மறுபக்கம் போக மாட்டான்.

நட்ட கல் என்றால் சும்மா விடுவோமா? அதற்குள் யாரோ மஞ்சள் பூசிவிட்டார்கள், யாரோ மாலை போட்டார்கள், கற்பூரமும் வந்துவிட்டது. கற்பூரத்தைக் கண்டதும் ராஜாவின் கால்கள் தாமாகவே சுற்ற ஆரம்பித்தன.

கிழக்கு முகத்தில் படித்தார்: "அந்தாண்ட கஞ்சர் நாடு."

தெற்கே வந்தார்: "அங்கிட்டுக் கஞ்சர் நாடு."

மேற்கே: "அக்கட்டால கஞ்சர் நாடுங்க."

வடக்கே: "அப்பால கஞ்சர் நாடு."

ராஜா படிப்பது சத்தம் போட்டுத்தான். ஆகவே நான்கு முகமும் நான்கு சீமைக்கும் கேட்டுவிட்டது. அப்புறம் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் கொதித்தது. தெற்கில் மடித்துக் கட்டும் வேட்டிகளின் சத்தம் கேட்டது. "இது நாயமுங்களா?" என்றது மேற்கு.

"ஏமாற்று வேலை, அரசே!" என்று முனிரத்தினம் கத்தினார். "இந்தக் கல்லை ஏற்க முடியாது!"

மூக்கையன் பணிந்தான். "அரசே, நான் ஓர் எழுத்துகூடச் சொந்தமாக எழுதவில்லை. நான்கு சீமையும் தங்கள் வாயால் சொன்னது. இப்போது தங்கள் வாயாலேயே உண்மை என்றும் சொல்லிவிட்டார்கள். அமைச்சர் பெருமான் தமக்குப் பிடிக்காத முகத்தைச் சொல்லட்டும், உடனே அழித்துவிடுகிறேன்."

"மற்ற மூன்றையும் அழி! வடக்கு முகம் இருக்கட்டும்!"

"கிழக்கு முகம் இருக்கட்டும்!" என்றார் தியாகேசன். மற்ற இருவரும் அவரவர் முகத்தைச் சொன்னார்கள்.

அடக்கிய சிரிப்பில் ராஜாவின் மீசை துடிக்க ஆரம்பித்தது. "சரி மூக்கையா. உண்மையில் கஞ்சர்கள்தான் யார்?"

"எனக்குத் தெரியவில்லை அரசே. நாடு முழுவதும் கல்லோடு சுற்றினேன். எல்லோரும் திட்டினார்கள். சோறு போடாமல் யாரும் அனுப்பவில்லை. தங்களுக்கு வேண்டுமானால் இப்போது கொஞ்சம் தாகம் என்று சொல்லிப் பாருங்களேன்."

ராஜா சொன்னார். அவ்வளவுதான். நான்கு பக்கமிருந்தும் செம்புகள் பாய்ந்தன. தங்கள் மோர்தான் கெட்டி என்று காட்ட ஒரு சீமை தயிரையே கொண்டுவந்தது, இன்னொன்று வெண்ணெயோடு கொண்டுவந்தது. ஆத்திரத்தில் அடுத்த சீமைக்காரன் வாயிலும் ஊற்றினார்கள். "குடிச்சுப் பாருடா, யாருடா கஞ்சன்?" என்று கேட்டுக் கேட்டு ஊற்றினார்கள். குடித்தவன் வாயைத் துடைத்துவிட்டுத் தன் செம்பை நீட்டினான். ராஜாவின் மீசை முழுக்க வெளுத்துவிட்டது.

"அப்படியானால் அன்று எனக்குத் தண்ணீர் மோர் கொடுத்த ஊர் எது?" என்றார்.

"அந்தாண்ட!" "அங்கிட்டு!" "அக்கட்டாலங்க!" "அப்பால!" என்றது நாடு.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மூக்கையா, வென்றுவிட்டாய். சபைக்கு வா" என்று சொல்லி யானை மேல் ஏறினார். பரிசைப் பற்றிப் பேச்சே இல்லை. யானை எழுந்தது. அப்போதுதான், உயரத்திலிருந்து, கல்லின் உச்சி அவர் கண்ணில் பட்டது. அங்கே சின்னதாக ஒரு வரி:

"பரிசு தராமல் இதைத் தாண்டுகிறவர் கஞ்சர்."

கீழே நின்ற யாருக்கும் அது தெரியாது. ராஜா மட்டும் அம்பாரி ஆடச் சிரிப்பதைப் பார்த்துப் பாகன் பயந்துவிட்டான்.

"நிறுத்து யானையை!" என்றார் ராஜா. "மூக்கையா, இந்தப் பொட்டல் யாருடையது?"

நான்கு சீமையும் குப்பையைப் பார்த்தது. "எங்களுடையது இல்லை!" என்றது.

"இன்று முதல் இது உன்னுடையது. இதுதான் உன் ஊர்."

இந்த முறையும் மூக்கையனுக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. குனிந்து அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தான். பாதி முருங்கைக்காய்ச் சக்கை. இருந்தாலும் அவனுடையது.

முனிரத்தினம் கொண்டுவந்த வண்டி வீணாகவில்லை. குப்பை அள்ளப் பயன்பட்டது. மூக்கையன் அங்கே ஒரு வீடு கட்டினான். வீட்டுக்கு நான்கு வாசல், நான்கிலும் மோர்ப்பானை. அதன் பிறகு, "நீர் எந்த ஊர்?" என்று எவர் கேட்டாலும் அவன் ஒரே பதில்தான் சொல்வான்.

"நீங்கள் எந்தப் பக்கம் நின்று கேட்கிறீர்கள்? அதற்கு அந்தாண்ட."