டேப் இல்லாத பெட்டி

சிவகாசியில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் டேப் ஒட்டுவதற்குப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி முத்துப்பேச்சி. டேப் வெட்டும் கருவியின் பல்லில் அவளுடைய ஆள்காட்டி விரலின் நுனி என்றோ போயிருந்தது.

ஊறுகாய் வியாபாரம் செய்யும் செண்பகம்மாள் ஒருநாள் வந்தார். கடையில் டேப்பை உரித்தால் பெட்டிமேல் அச்சிட்ட படமும் சேர்ந்து கிழிகிறது, டேப்பே இல்லாத பெட்டி வேண்டும் என்றார்.

மேனேஜர் தர்மலிங்கம் பெண்களிடம் திரும்பினார். "மத்தியானத்துக்குள்ள செஞ்சு காட்டுங்க. இல்லேன்னா பன்னிரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

முத்துப்பேச்சி அடியில் மடங்கும் நான்கு அட்டை நாக்குகளிலும் பிளவு வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினாள். செண்பகம்மாள் கொண்டுவந்திருந்த ஆறு ஊறுகாய் பாட்டில்களை வைத்துத் தூக்கியும் பெட்டியின் அடி பிரியவில்லை.

"பிரமாதம்!" என்றார் தர்மலிங்கம். "டேப்பே இல்லேன்னா டேப் ஒட்ட ஆள் எதுக்கு? நாளையிலிருந்து யாரும் வர வேண்டாம்."

முத்துப்பேச்சி பெட்டியைப் பிரித்து, தட்டையாக்கி அவரிடம் நீட்டினாள்.

"சரிங்க சார். இதை மடிக்கப் புதுசா வர்றவங்களுக்கு நீங்கதானே சொல்லித் தரணும்? ஒரு தடவை மடிச்சுக் காட்டிட்டீங்கன்னா நாங்க கிளம்பிடுறோம்."

"இதென்ன பெரிய வித்தையா?"

எந்த நாக்கை முதலில் மடிப்பது என்று கேட்காமலேயே அவர் மடித்தார். அடி மூடியதுபோலத்தான் இருந்தது. பாட்டில்களை அடுக்கி, செண்பகம்மாள் பார்க்கத் தூக்கினார். அடி பிளந்து, ஆறும் அவர் காலடியில் நொறுங்கின.

செண்பகம்மாள் சேலையை ஒதுக்கிக்கொண்டார். "இவங்க மடிச்சாத்தான் எனக்குப் பெட்டி வேணும்."

பன்னிரண்டு பேருக்கும் வேலை நிலைத்தது. யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடியும் மிளகாய் எண்ணெயுமாகக் கிடந்த தரையை யாராவது துடைக்க வேண்டுமே. மேனேஜர் முத்துப்பேச்சியைப் பார்த்தார். அவள் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.