மைனாவும் தாளப்பெட்டியும்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் மைனாவும் மரங்கொத்தியும் சேர்ந்து கச்சேரி செய்துவந்தன. மைனா பாடும், மரங்கொத்தி காய்ந்த மரத்தில் தாளம் தட்டும். மைனா சோம்பேறி. ஆனாலும் மரங்கொத்தி அதை விரட்டி விரட்டி, ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு புதுப் பாட்டுக் கட்டவைத்துவிடும்.

ஒருநாள் குரங்கு ஒரு பெட்டியோடு வந்தது. காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் மறந்துவிட்டுப்போன தாளப்பெட்டி அது. பொத்தானை அமுக்கினால் போதும். தாளமும் மெட்டும் தானாக வரும்.

"இனி ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறாய்? இதில் நூறு மெட்டு இருக்கிறது!" என்றது குரங்கு.

மைனாவுக்கு ஒரே குஷி. "மரங்கொத்தி அண்ணே, நீங்களும் இனிக் கழுத்து வலிக்கத் தட்ட வேண்டாம்."

"நூறு இருக்கட்டும். அதில் உன் மெட்டு எது?" என்று கேட்டது மரங்கொத்தி.

மைனா காதில் வாங்கவில்லை.

நூறையும் கேட்டுப் பார்க்கக்கூட அதற்குச் சோம்பல். எப்போதும் முதல் பொத்தான்தான். முயல் வீட்டுக் குட்டிக்குப் பெயர் வைத்தபோதும் அதே மெட்டு. கிழட்டு எருமை செத்தபோதும் அதே மெட்டு; வார்த்தைதான் வேறு.

"வேறு ஏதாவது பாடித் தொலையேன்!" என்று மரங்கொத்தி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது.

"யாரும் குறை சொல்லவில்லையே, அண்ணே!"

எருமை செத்த ஐந்தாம் நாள் புள்ளிமான் வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு மான்கள் ஆற்றைக் கடந்து வந்திருந்தன. மரங்கொத்தியும் விருந்தாளியாக ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தது. குரங்கு பொத்தானை அமுக்க, மைனா பாடத் தொடங்கியது.

பெண்ணின் தாய் துள்ளி எழுந்தது. "ஐயோ, இது எருமைக்குப் பாடிய ஒப்பாரி! என் மகள் கல்யாணத்தில் இதையா பாடுவாய்?"

மணப்பெண் அழுதது. 'அபசகுனம்' என்று முணுமுணுத்தபடி மாப்பிள்ளை வீட்டு மான்கள் ஆற்றைப் பார்த்து நடந்தன.

குரங்கு பதறிப்போய் எல்லாப் பொத்தான்களையும் சேர்த்து அமுக்கியது. பெட்டி கிறீச்சிட்டு அடங்கிவிட்டது. மைனா வாயைத் திறந்தது, ஒன்றும் வரவில்லை.

"அண்ணே, எனக்கு மெட்டே தோன்றவில்லை!"

"இன்னும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படித் தோன்றும்? அந்தப் பெண்ணைப் பாரடா!" என்று கத்தியது மரங்கொத்தி.

மைனா பார்த்தது. அழுதுகொண்டிருந்த மணப்பெண்ணின் குளம்பு பதற்றத்தில் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. மரங்கொத்தி சட்டென்று அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. அதன்மேல் மைனா, 'அழாதே பெண்ணே' என்று தட்டுத்தடுமாறி இரண்டு அடி பாடியது. குரல் பிசிறடித்தது. மூன்றாம் அடியில் மெட்டு பிடிபட்டது.

மணப்பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தது. ஆற்றங்கரை வரை போன மான்கள் நின்று கேட்டன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தன.

கல்யாணம் முடிந்ததும் குரங்கு ஓடிவந்தது. "அருமையான பாட்டு! அது எத்தனையாவது பொத்தான்?"

மரங்கொத்தி பக்கத்து மரத்தில் தலையை முட்டிக்கொண்டது.

நீதி: மெட்டைக் கருவி தரலாம், யாருக்காகப் பாடுகிறோம் என்பதைப் பாடுகிறவர்தான் பார்க்க வேண்டும்.