நானூறு கருவிகள் வைத்திருந்த கீரி

மூங்கில்மடு என்ற நீர்நிலையை ஒட்டிய காட்டில் துடியன் என்றொரு கீரி இருந்தது. அந்தக் காட்டில் இணையப் பக்கம் செய்யவும் நிரல் எழுதவும் தெரிந்தவர்கள் வெகு சிலரே. அவர்களில் துடியனுக்குத்தான் பெரிய பெயர்.

ஆனால் அது எழுதிய நிரலை யாரும் பார்த்ததில்லை. அதன் மடிக்கணினியில் சேர்த்து வைத்திருந்த லிங்குகளைத்தான் எல்லோரும் பார்த்திருந்தார்கள். நிரல் எழுத ஒரு கருவி, வண்ணம் தேர்ந்தெடுக்க ஒரு கருவி, எழுத்துரு தேட ஒரு கருவி, பிழை காட்ட ஒரு கருவி என்று நானூறுக்கும் மேல்!

"இலவசமாகக் கிடைப்பதில் நான் பார்க்காதது எதுவுமே இல்லை!" என்று துடியன் பெருமை அடித்துக்கொள்ளும். மான்கள் வாய் பிளந்து கேட்கும்.

அந்த ஆண்டு கோடை முன்கூட்டியே வந்துவிட்டது. ஒருநாள் யானைக் கூட்டத்தின் தலைவி மாதங்கி, துடியனைத் தேடி வந்தாள். அவள் பின்னால் பிறந்து நாற்பது நாளே ஆன ஒரு குட்டி தள்ளாடி நடந்து வந்தது.

"துடியா, உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும்" என்றாள் மாதங்கி. "மூங்கில்மடு இன்னும் பத்து நாளில் வற்றிவிடும். நாங்கள் வேறு தண்ணீருக்குப் போக வேண்டும். கிழக்கே ஆலம்பொய்கை, மேற்கே கல்தொட்டிச் சுனை. இரண்டுக்கும் ஒரு பகல் நடை. போன கோடையில் போய்ப் பார்த்தால் பொய்கை காய்ந்து கிடந்தது. திரும்பி வருவதற்குள் இரண்டு பேரை இழந்தோம்."

"நான் என்ன செய்ய வேண்டும், தலைவி?" என்றது துடியன்.

"எந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும் ஓர் இணையப் பக்கம் வேண்டும். பறவைகள் பார்த்ததைப் பதிவு செய்யட்டும். நாங்கள் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறோம்."

"இவ்வளவுதானா! பத்து நாள் எதற்கு? அசத்திவிடுகிறேன்!" என்றது துடியன்.

முதல் நாள், நிரலைத் தட்டச்சு செய்யும் எடிட்டர்களில் எதில் எழுதுவது என்று யோசித்தது. ஒன்றை எடுத்து அமைத்தது. இரண்டாம் நாள் அதைவிட வேகமான எடிட்டர் ஒன்று கண்ணில் பட்டது. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை அமைத்தது. மூன்றாம் நாள் நீல நிறம் தேடியது. நூற்றிருபது வகை நீலம் இருந்தது! நான்காம் நாள் முழுவதும், சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு நீர்த்துளிப் படத்தைச் செய்வதில் போயிற்று.

பக்கத்துப் புதரில் முள்ளி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். தான் தோண்டும் கிழங்குகள் எங்கெங்கே விளைகின்றன என்று குறித்துவைக்கச் சின்னச் சின்ன நிரல்கள் எழுதுவாள். அவள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, யானைகளின் வேலை எந்த மட்டில் இருக்கிறது?"

"இதோ பாருங்கள் அக்கா, துளி சொட்டுகிறது!"

"துளி சரி. குளத்தின் பெயர் எங்கே?"

"அது கடைசி நாளில் போட்டுக்கொள்ளலாம், அக்கா. முதலில் நல்ல கருவி அமைய வேண்டும்."

முள்ளி தன் கிழங்கு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆறாம் நாள் மாதங்கி வந்து கேட்டாள். "எப்படிப் போகிறது, துடியா?"

"பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, தலைவி!" என்றது துடியன். சொன்ன பொய்யை மறக்க, இன்னும் மூன்று புதிய கருவிகளைத் தேடிச் சேர்த்துக்கொண்டது.

எட்டாம் நாள் காலை. அனல் காற்று அடித்ததில் மூங்கில்மடு, மாதங்கி சொன்ன கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே சேறாகிவிட்டது. யானைக் கூட்டமே துடியனின் வளைக்கு முன்னால் வந்து நின்றது.

"நாளை விடிந்ததும் கிளம்புகிறோம். பக்கத்தைத் திற" என்றாள் மாதங்கி.

துடியன் திறந்தது. அழகான நீலத்தில் ஒரு துளி சொட்டிக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

"இதில் தண்ணீர் எங்கே?" என்று கேட்டாள் மாதங்கி. குட்டி யானை தும்பிக்கையை நீட்டித் திரையில் சொட்டும் துளியைத் தொட்டுப் பார்த்தது. துடியனால் அதைப் பார்க்க முடியவில்லை.

"தலைவி, நான் பொய் சொன்னேன். பாதிகூட முடியவில்லை. தொடங்கவே இல்லை" என்றது தலை குனிந்து.

மாதங்கி கத்தவில்லை. குட்டியைத் தன் வயிற்று நிழலுக்கு இழுத்துக்கொண்டாள். "கிழக்கா மேற்கா என்று தெரியாமல் போனால், இவன் இரண்டாவது நடையைத் தாங்க மாட்டான். இன்று பொழுது சாயும்வரை காத்திருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

துடியனுக்கு அந்தக் காட்டை விட்டே ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் அதன் கால்கள் முள்ளியின் புதருக்குத்தான் போயின.

"அக்கா, காப்பாற்றுங்கள்! நானூறு கருவிகள் இருக்கின்றன. எதை எடுப்பது என்று தெரியவில்லை!"

"அதில் எதையெல்லாம் நீ முழுதாகப் பழகியிருக்கிறாய்?"

துடியன் நானூறையும் மேலிருந்து கீழ்வரை புரட்டிப் பார்த்தது. "வெறும் எழுத்து மட்டும் எழுதும் பழைய எடிட்டர் ஒன்று. அப்புறம் பிழைகாட்டி. பிழையான வரியைச் சிவப்பிலும், சந்தேகமான வரியை மஞ்சளிலும் காட்டும்."

"போதும்! உட்கார். நான் சொல்லச் சொல்ல எழுது."

இடத்தின் பெயர், தண்ணீர் உண்டா இல்லையா, யார் பார்த்தது, எப்போது பார்த்தது. இந்த நான்கு மட்டும்தான். வண்ணம் இல்லை, துளி இல்லை. துடியனின் விரல்கள் பறந்தன. சிவப்பு வரி வந்தபோதெல்லாம் இருவரும் நின்று திருத்தினார்கள். உச்சிப் பொழுதுக்குப் பிறகு பக்கம் திறந்தது! ஆட்காட்டிக் குருவியும் மீன்கொத்தியும் அன்று காலையில் பார்த்ததைப் பதிவு செய்தன.

ஆலம்பொய்கை: தண்ணீர் உண்டு. கல்தொட்டிச் சுனை: தண்ணீர் உண்டு. செம்பாறைக் குழி: தண்ணீர் உண்டு.

"அடடா, எல்லா இடத்திலும் இருக்கிறதே!" என்று முள்ளி துள்ளினாள். "வா, மாதங்கியிடம் சொல்லிவிடுவோம். கிழக்கு வழிதான் நிழல் வழி. அதிலேயே போகட்டும்!"

துடியன் எழுந்திருக்கவில்லை. "கொஞ்சம் பொறுங்கள், அக்கா. இங்கே பக்கத்திலிருக்கும் செம்பாறைக் குழி தை மாதமே வற்றிவிட்டது. நேற்றுகூட அதற்குள் இறங்கி ஒரு தேளைப் பிடித்தேன். அங்கே எப்படித் தண்ணீர் வரும்?"

"சிவப்பு வரி ஒன்றுகூட இல்லையே தம்பி!"

"சிவப்பு இல்லை. மஞ்சள் ஒன்று இருந்தது. நான்தான் தாண்டிப் போய்விட்டேன். மஞ்சளை நான் எப்போதுமே படித்ததில்லை."

இந்த முறை துடியன் படித்தது. பிழைகாட்டியின் விளக்கக் குறிப்பைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்தது. பிறகு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டது.

"அக்கா! சமக்குறி ஒன்று போட்டால் 'உண்டு என்று ஆக்கு' என்று பொருள். இரண்டு போட்டால்தான் 'உண்டா என்று பார்' என்று பொருள். நான் ஒன்றுதான் போட்டிருக்கிறேன். நம் நிரல் எதையும் பார்க்கவில்லை. எல்லாக் குளத்தையும் அதுவே நிரப்பிவிட்டது!"

முள்ளியின் முட்கள் சிலிர்த்தன. "நான் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேனே!" என்றாள் மெல்ல.

ஒரே ஒரு குறியைச் சேர்த்தார்கள். பக்கம் மறுபடி திறந்தது. செம்பாறைக் குழி: இல்லை. கல்தொட்டிச் சுனை: உண்டு, பார்த்தது மீன்கொத்தி. ஆலம்பொய்கை: இல்லை, பார்த்தது ஆட்காட்டி.

துடியன் அதோடு விடவில்லை. இரண்டு பறவைகளையும் நேரில் கூப்பிட்டுக் கேட்டது. "பொய்கையில் என் கால் நனையக்கூட நீர் இல்லை" என்றது ஆட்காட்டி. "சுனையில் இன்று காலை மூன்று மீன் பிடித்தேன்" என்றது மீன்கொத்தி.

பொழுது சாய்வதற்கு முன் துடியன் மாதங்கியின் முன் நின்றது. "மேற்கே போங்கள், தலைவி. இந்த முறை நான் சொல்வது உண்மை. நடுவில் ஒரு தவறு செய்தேன், அதையும் கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன்" என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னது.

"தவறையும் சேர்த்துச் சொல்கிறாய். அதனால் நம்புகிறேன்" என்றாள் மாதங்கி.

விடிந்ததும் கூட்டம் மேற்கே நடந்தது. அன்று பகல் முழுவதும் துடியன் சோறு தண்ணீர் இல்லாமல் திரையின் முன்னாலேயே கிடந்தது. முள்ளி கிழங்கு கொண்டுவந்து வைத்தாள். துடியன் அதைத் தொடவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் பக்கத்தில் புதிதாக ஒரு பதிவு வந்தது.

கல்தொட்டிச் சுனை: தண்ணீர் உண்டு. பார்த்தது: மாதங்கி. குட்டி உள்ளே இறங்கிவிட்டான், வெளியே வர மாட்டேன் என்கிறான்.

ஆயிரம் கருவிகளைத் தேடிச் சேர்ப்பதைவிட, ஒன்றை எடுத்து முழுதாகப் பழகி வேலையைத் தொடங்குவதே மேல்.