கேமராவுக்கு வைத்த பொட்டு

திகைப்பூர் ஓவியர் மன்றத்தில் மொத்தமே மூன்று பேர். மூவரும் கூடிப் பேசினால் கட்டாயம் ஒரு முடிவு கிடைக்கும், அது கட்டாயம் தப்பாக இருக்கும். மன்றத் தலைவர் தவசிமணிக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. மன்றம் கூடுகிற அறையை கேரம் சங்கத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று பேரூராட்சியில் பேச்சு எழுந்திருந்தது. கலை விழாவில் உருப்படியாக எதையாவது செய்து காட்டினால் அறை உங்களுக்கு, இல்லாவிட்டால் சாவியைக் கொடுங்கள் என்று பேரூராட்சித் தலைவி கறாராகச் சொல்லிவிட்டார். தான் படம் வரைந்த அறையில் கேரம் காய் அடிக்கிற சத்தத்தை நினைத்தாலே தவசிமணிக்குக் கண் கலங்கிவிடும்.

அப்போதுதான் பக்கத்து ஊர்ப் பொறியியல் கல்லூரி ஆசிரியை பிருந்தா கை கொடுத்தார். ஒரு கேமரா, ஒரு கம்ப்யூட்டர், ஒரு புரொஜெக்டர். எதிரே ஆள் நின்றால் கேமரா முகத்தைப் பார்க்கும். இது கண், இது மூக்கு என்று கம்ப்யூட்டர் புரிந்துகொண்டு தன் போக்கில் வண்ணம் தீட்டும். படம் திரையில் ஆள் உயரத்துக்கு விழும்.

"அண்ணாச்சி, இது இப்போ பொறந்த குழந்தை மாதிரி, ஒண்ணும் தெரியாது. நிறைய முகம் காட்டினா தானா கத்துக்கும். பத்திரமா பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு பிருந்தா பஸ் ஏறினார்.

"குழந்தைன்னா தொட்டில் வேணுமே" என்றார் செயலாளர் எபனேசர்.

சேலையில் தொட்டில் கட்டிக் கேமராவைக் கிடத்தினார்கள். அது கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்து, மின்விசிறிக்கு மூக்கு வரைந்தது. திரையில் இறக்கைகள் சுற்றுவதைக் காட்டி, "கை காலை ஆட்டுது பாரும்" என்று பொருளாளர் சுடலைக்கண்ணு பூரித்துப்போனார்.

அடுத்து முகம் காட்ட வேண்டும். தவசிமணி வயரைப் பிடுங்கிவிட்டுக் கேமராவை மட்டும் இடுப்பில் தூக்கிக்கொண்டார். கம்ப்யூட்டர் கனமாக இருந்ததால் அறையிலேயே விட்டுவிட்டார்கள். சந்தையைச் சுற்றி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, ஒவ்வொரு முகமாகக் காட்டிவிட்டு வந்தார்கள். மீன் விற்கிற அம்மா ஒருத்தி, "என்ன அம்சமா இருக்கு!" என்று சொல்லித் தொலைத்தாள்.

அறைக்குத் திரும்பியதும் தவசிமணி கேமராவை இடுப்பிலிருந்து இறக்காமலேயே சொன்னார். "ஊர்க் கண்ணெல்லாம் இது மேல பட்டுட்டே. ஒரு பொட்டு வச்சிரணும்வே."

"கன்னத்துலலா வைக்கணும்? இதுக்குக் கன்னம் எங்க இருக்கு?" என்றார் எபனேசர்.

சுடலைக்கண்ணு கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உடம்பு பூரா ஒரே கண்ணு. கண்ணுலயே வையும்."

கண்ணாடியின் நட்டநடுவே வைத்தால் குழந்தைக்கு மறைக்குமே என்று கொஞ்சம் ஓரமாக, பெரிதாக, கண்மையைத் தீற்றினார் தவசிமணி.

விழாவின் முதல் நாள், எதிரே நின்ற அத்தனை பேருக்கும் திரையில் கன்னத்தில் ஒரு கரும்புள்ளி விழுந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த தாடிக்கார நடுவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஏழை பணக்காரன் பேதமில்லாமல் எல்லாருக்கும் ஒரே புள்ளி! நாளைக்குத் தலைவியோடு வருகிறேன், இதையே காட்டுங்கள்" என்றார்.

சாயங்காலம் வந்த பிருந்தா தலையில் அடித்துக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "கேமராவுக்கு இனிமே பொட்டு வைக்க மாட்டோம்னு சத்தியம் பண்ணுங்க" என்றார். மூவரும் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். அவர் போனதும் தவசிமணி திரை முன்னால் நின்று பார்த்தார். கன்னம் துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு. அறை போச்சு."

எபனேசர் வெகுநேரம் யோசித்தார். "கேமராவுக்குத்தானே வைக்கக் கூடாது? வாறவங்களுக்கு வைக்கலாம்லா?"

எந்தக் கன்னம் என்பதில் அடிதடி வரப் பார்த்தது. எதற்கு வம்பு என்று இரண்டிலும் வைக்க முடிவாயிற்று.

மறுநாள் வாசலிலேயே நடுவருக்கு இரண்டு கன்னத்திலும் மை வைத்து உள்ளே விட்டார்கள். தலைவிக்கும் வைத்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த கேரம் சங்கத்துச் செயலாளரும் தப்பவில்லை. நடுவர் தன் படத்தையே வெறித்துப் பார்த்தார். தவசிமணி அறைச் சாவியை மடியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நேற்று ஒன்று, இன்று இரண்டு. ஒரே நாளில் என்ன வளர்ச்சி!" என்று நடுவர் தழுதழுத்தார். தலைவி அங்கேயே அறையை ஓவியர் மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

ஊரே கை தட்டியது. தவசிமணி சந்தோஷத்தில் அழுதுவிட்டார். அழுது முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. "இத்தனை பேர் மெச்சிட்டாங்களே, அறைக்குக் கண்ணு பட்டுராது?"

அறைக்குக் கண் ஜன்னல்தான் என்று ஒருமனதாக முடிவு செய்து, ஜன்னல் கண்ணாடி முழுக்கத் தார் பூசினார்கள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தங்கள் மூவரையும் சேர்த்து ஒரு படம் வரையச் சொல்லிக் கேமரா முன்னால் நின்றார்கள். திரை மேலிருந்து கீழ்வரை கன்னங்கரேலென்று இருந்தது.

"மூணு பேரும் அச்சு அசலா இருக்கோம்வே" என்றார் சுடலைக்கண்ணு. "பொட்டுதான் கொஞ்சம் பெருசாப் போச்சு."