தாண்டவர் தோள்

திருவேங்கூர்ச் சிவன் கோயிலில் சுவாமி பல்லக்கின் முன்தண்டைச் சுமந்தவர் தாண்டவர். விழா இல்லாத நாட்களில் கோயில் மாட்டுக்கொட்டிலில் சாணம் அள்ளுவார். இருபது ஆண்டுச் சுமையில் அவருடைய வலத்தோள் காய்த்துப் போயிருந்தது. விடியலில் குளித்ததும் அந்தக் காய்ப்பின்மேல்தான் முதலில் திருநீறு பூசுவார். "என் சாமி உக்கார்ற இடம்" என்பார்.

அவருடைய ஒரே மகள் உலகாயிக்குப் பிறந்தது முதலே கால்கள் சூம்பியிருந்தன. தாயும் இல்லை. "சாமியைச் சுமக்கிறவனுக்குச் சாமி குடுத்த கூலியைப் பாருங்கடா" என்று ஊரார் சிரித்தார்கள். சிரிப்பதற்கு ஊருக்குச் சொல்லியா தர வேண்டும்? தாண்டவர் "நமச்சிவாய" என்று மட்டும் சொல்லிக்கொண்டு மகளை இடுப்பில் சுமந்து போவார்.

கோயில் மேல்மண்டபத்தில், பதினான்கு படிகளுக்கு மேலே, கனகசபை வாத்தியாரின் பள்ளி நடந்தது. தாண்டவர் மகளைத் தூக்கிச் சென்று, சேர்த்துக்கொள்ள வேண்டினார்.

"ஏறி வர்ற பிள்ளைக்குத்தான் பள்ளிக்கூடம். இது கீழ உக்காந்து காதால கேட்டுக்கட்டும்" என்றார் வாத்தியார்.

"சரிங்க சாமி" என்று தாண்டவர் இறங்கிவிட்டார். அன்று சொன்ன அந்தச் "சரிங்க" அவரைக் கடைசிவரை சுட்டது.

ஓராண்டு உலகாயி முதற்படியில் அமர்ந்து, மேலிருந்து கேட்ட பாடத்தைத் திருப்பிச் சொன்னாள். எழுத்தெல்லாம் வாயில் இருந்தது. ஒன்றின் வடிவமும் தெரியாது. "அப்பா, 'அ' எப்படி இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டாள். அவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது.

விஜயதசமி வந்தது. அன்று பல்லக்கு மேல்மண்டபத்துக்கு எழுந்தருளும். சுவாமியின்முன் வரிசையில் அமர்ந்து நெல்லில் எழுதும் பிள்ளையின் பெயரே பள்ளி ஏட்டில் ஏறும். ஆனால் காப்புக் கட்டிய அந்தப் பத்து நாளும் பல்லக்குச் சுமப்பவர் வேறு சுமை எதையும் தூக்கலாகாது. அதனால் உலகாயி தெருவெல்லாம் தவழ்ந்துதான் கோயிலுக்கு வந்திருந்தாள்.

"இன்னிக்கு ஒருநாள் மட்டும் எம்மக வரிசையில உக்காரட்டும் சாமி. நானே தூக்கியாந்துடறேன்" என்று தாண்டவர் கைகூப்பினார்.

"காப்புக் கட்டிக்கிட்டுப் பேசுற பேச்சாடா இது?" என்றார் வாத்தியார்.

தாண்டவர் கூட்டத்தைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. நாம் அங்கே இருந்திருந்தாலும் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டுதான் நின்றிருப்போம்.

பல்லக்கு படியருகே வந்தது. மேளம் ஓய்ந்த நேரம். ஒதுங்கி அமர்ந்திருந்த உலகாயி அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, சாமிக்கும் நடக்க வராதா? நாலு பேரு தூக்கிட்டுப் போறீங்களே?"

தாண்டவரின் கால் முதற்படியிலேயே நின்றுவிட்டது. இருபது ஆண்டு சுமந்தும் தனக்கு இது தோன்றவில்லையே என்று உடம்பெல்லாம் கூசியது. பல்லக்கைத் தாங்குகட்டைகளில் நிறுத்தச் செய்தார். "மன்னிச்சிரு தாயி" என்று மகளை வாரியெடுத்து, அந்தக் காய்த்த தோளிலேயே ஏற்றிக்கொண்டு படியேறினார்.

"கெடுத்தானே! வேற யாராச்சும் தண்டைப் பிடிங்கடா!" என்று வாத்தியார் கத்தினார். ஒருவர் தோள் கொடுத்தார். பல்லக்கு எழவில்லை. எட்டுப் பேர் கொடுத்தார்கள். அப்போதும் எழவில்லை.

தாண்டவர் மகளை வரிசையில் அமர்த்திவிட்டு இறங்கி வந்தார். "உன் விதியை மீறிட்டேன் சாமி. தண்டிக்கிறதுன்னா என்னைத் தண்டி" என்று சொல்லித் தண்டில் தோள் வைத்தார். பூக்கூடை போலப் பல்லக்கு எழுந்தது.

மேலே, வாத்தியார் உலகாயியின் விரலைப் பிடித்து நெல்லில் எழுதினார்.

"இதுதான் 'அ'வா?" என்றாள் அவள்.

ஓராண்டாகக் கீழேயிருந்து கேட்ட குரல்தான் அது. அவர் அந்த விரலை விடாமல் மறுபடியும் 'அ' எழுதினார்.

மறுநாள் காலையில் பிள்ளைகள் வந்தபோது மேல்மண்டபத்தில் யாரும் இல்லை. வாத்தியார் படிகளின் கீழே, உலகாயி வழக்கமாக உட்காரும் இடத்தைச் சுற்றி எல்லாரும் எழுதிப் பழக மணல் பரப்பிக்கொண்டிருந்தார்.

அடியார்களின் திருவடியைப் போற்றுவது வழக்கம். நாம் தாண்டவரின் காய்த்த தோளைப் போற்றுவோம், அன்று சும்மா நின்ற நம் தோள்களை எண்ணி வெட்கியபடியே.